குயில் மீது ஒரு புகார்

விடிகாலை நாலு நாற்பதுக்கு அழைப்பு.
மேடம் குவெக், யீஷூன், பதினோராம் மாடி.
"அந்தக் கறுப்புப் பறவை
மறுபடி ஆரம்பித்துவிட்டது.
யாரையாவது அனுப்பி நிறுத்துங்கள்."

நகர மன்றத்தின் இரவுநேரக் குரல் நான்.
நின்றுபோன மின்தூக்கி, ஒழுகும் குழாய்,
மாடிப்படியில் எவரோ கைவிட்ட மெத்தை
எல்லாவற்றுக்கும் என் திரையில் ஒரு கட்டம் உண்டு.
குயிலுக்கு: இரைச்சல், பிற.

தமிழ் வகுப்பில்
"குயில் கூவியது, வசந்தம் வந்தது" என்று எழுதி
எட்டு மதிப்பெண் வாங்கியவள்.
ஜன்னலுக்கு வெளியே தொண்டை கிழியக்
கத்திக்கொண்டிருந்தது அதுதான் என்று
அப்போது தெரியாது.

இந்த ஊருக்குப் பருவம் கிடையாது.
மழை உண்டு, மழை விட்ட நேரம் உண்டு.
ஆனாலும் சித்திரை நெருங்கினால்
தெம்புசு மரங்களுக்கு மட்டும்
எப்படியோ தகவல் போய்விடுகிறது.
குளிர்சாதனத்தை அணைத்து ஜன்னலைத் திறக்கிறேன்.
விதிப்படி திறக்கக் கூடாது.

முதலில் ஈரத் தார்ச்சாலை, கொசுமருந்துப் புகையின் மிச்சம்.
அப்புறம்தான் அது வருகிறது,
இனிப்பு, ஆனால் சர்க்கரை அல்ல,
யாரோ வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொல்லும்
பதிலைப் போல.

கீழே காவலர் ரோஸ்லான்
பக்கி எத்தனை முறை "டொக்" என்கிறது என்று
விரல்விட்டு எண்ணுகிறார்.
நாலு. ஏழு. ஒன்று.
இன்னொன்று கிடைத்தால் சீட்டு வாங்கிவிடலாம்.

"ஹலோ? இருக்கிறீர்களா?"
இருக்கிறேன் மேடம்.

அப்போது கூவியது.
ஜன்னல் வழியே முதலில்,
அரை நொடி பிந்தி என் காதுக்கருவியில்.
ஒரே குயில்தான்.
நீங்கள் எதிர்ப் புளோக்கில், நான் இங்கே,
நடுவில் அந்த மரம்.

மேடம், உங்களுக்கு வாசம் வருகிறதா?
கேட்டபிறகுதான் உறைத்தது,
எல்லா அழைப்பும் பதிவாகிறது.

அவர் பேசவில்லை. வைக்கவும் இல்லை.
ஜன்னல் தகடு உராயும் ஓசை.
நீண்ட மூச்சு ஒன்று, உள்ளே.
"ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தேன்," என்றார்,
"நாலு மாதமாக."
ஏன் என்று கேட்கும் கட்டம்
என் திரையில் இல்லை.

குயில் படியேறிப் படியேறிக் கூவி
உச்சியில் சட்டென்று நிறுத்தியது,
படி தீர்ந்துபோனது போல.
"புகாரை என்ன செய்யட்டும்?"
"தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன்."

நிலுவை என்று பதிந்தேன்.

அடுத்த விளக்கு மினுங்குகிறது.
புளோக் எழுநூற்று முப்பத்தாறு.
கால்வாயில் தவளை.