கிலோமீட்டர் 318

அளவைக்காரன் முளைக்குச்சியை அடித்துவிட்டு
சாராயம் குடித்துப் படுத்தான்.
விடிந்தபோது குச்சி
அரைக் காதம் மேற்கே தள்ளி
எலிசால்டேயின் நிலத்தில் நின்றது.
"காற்று" என்றான் எலிசால்டே.
பாம்பாஸ் காற்று எதையும் செய்யும்.
யாரும் வழக்குக்குப் போகவில்லை.

பெயர் யோசிக்கக் கம்பெனிக்கு நேரமில்லை.
பலகையில் எண்ணை எழுதிப் போனார்கள்.
எஞ்சினுக்குத் தாகமெடுக்கும் இடம்,
அவ்வளவுதான் ஊர்:
ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கரிமேடு,
கொடி காட்ட ஓர் ஆள்,
அந்த ஆளின் நாய்.

முதல் கோதுமை மூட்டை ரயிலேறிய வருடம்
எட்டு பேசோ நிலம் எண்பதுக்குப் போனது.
எலிசால்டே காற்றுக்கு நன்றியாக
ஒரு சிற்றாலயம் கட்டினான்.
அதன் கூரையைக் காற்றே கொண்டுபோனது.

பிறகு வந்தார்கள்.
ஊசியும் சீப்பும் தோளில் சுமந்து
சிரியாவிலிருந்து ஷுக்ரி.
சரக்குப் பெட்டிக்கு அடியில் தூங்கினான் இரண்டு குளிர்காலம்,
மூன்றாவதில் அவன் கடைக்கு நான்கு கதவு.
தண்டவாளக் கூலிகளின் சட்டை வெளுத்த
எவுஸ்தாக்கியா, பாஸ்க் நாட்டுக்காரி,
சோப்புக் காசை வட்டிக்கு விட்டாள்.
வங்கி வந்து இறங்கிய அன்று
மேலாளர் முதலில் தட்டியது
அவள் வீட்டுக் கதவை,
தொப்பியைக் கையில் பிடித்தபடி.

கம்பெனியின் எடைமேடை
மூட்டைக்கு ஒரு கிலோ விழுங்கியது.
எல்லாருக்கும் தெரியும்.
அந்த ஒரு கிலோவில்
நிலைய அதிகாரிக்குப் பியானோ வந்தது,
தரகர்களுக்கு மாடி வந்தது,
சினிமாக் கொட்டகைக்குச் சிவப்புத் திரை வந்தது.
இரண்டாவது முடிதிருத்தகம்கூட
அதில்தான் பிழைத்தது.

ஒரு ஜனவரி, அறுவடை உச்சம்.
நூறு வண்டி வரிசையில் நிற்க
பிரிஞ்ஞோலே ஒரு பன்றியோடு வந்தான்.
கசாப்புக் கடையில் நிறுத்த சீட்டு இருந்தது:
நூற்று நாற்பது.
மேடையில் ஏற்றினான்:
நூற்று முப்பத்தெட்டு.
"வரும் வழியில் இளைத்திருக்கும்" என்றார் அதிகாரி.
ஒருவன் சிரித்தான்.
பிறகு நூறு பேரும் சிரித்தார்கள்.
ஒரு மூட்டையும் இறங்கவில்லை.
பதினொரு நாள்
வெற்றுப் பெட்டிகள் வெயிலில் காய்ந்தன.
பன்னிரண்டாம் நாள் புவெனஸ் அயர்ஸிலிருந்து
ஒருவன் திருகுமுடுக்கியோடு வந்தான்.

அதன் பின் பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம்,
அலை அலையாய் ஓட்டுக்கூரை.
அதன் பின் நெடுஞ்சாலை,
நான்கு கிலோமீட்டர் தள்ளி. இம்முறை
நகர்த்துவதற்குக் குச்சியே இல்லை,
எல்லாம் காகிதத்தில் நடந்தது.

எஞ்சினுக்கு இப்போது தாகமில்லை.
அறுபது பெட்டி சோயா
நிற்காமல் போகும்.
கேட்டில் காத்திருக்கும் வண்டிகளை எண்ணித்தான்
ஊர் வளர்கிறதா என்று பார்க்கிறோம்.
நேற்று ஒன்பது.

நான் அந்த எடை அறையில்
பயிர்க் காப்பீடு விற்கிறேன்.
மேடை அப்படியே இருக்கிறது.
கையெழுத்துப் போட வருகிறவர்கள்
கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பின்
ஏறி நின்று பார்ப்பார்கள்.
அது பழைய புத்திக்குத் திரும்பிவிட்டது,
ஒரு கிலோ குறைத்தே காட்டுகிறது.
யாரும் பன்றியைக் கொண்டுவரவில்லை.