இறுதிப் பயனாளர்

மற்ற கட்டங்களை நிரப்பிவிட்டேன்.
ஏழாம் கேள்வியில் மூன்று நாளாக நிற்கிறேன்:
இப்பொருளின் இறுதிப் பயனாளர் யார்?

குடிகாடு சிப்காட்டில் எங்கள் கொட்டகை.
இடப்பக்கம் சாயக் கம்பெனி, வலப்பக்கம் பூச்சிமருந்து.
காற்று இன்றைக்கு எந்தப் பக்கம் என்று
மூக்குதான் சொல்லும்.
நாங்கள் செய்வது
இறால் குட்டையில் துடுப்புச் சக்கரம் சுற்றும் மோட்டார்.
உள்ளே நகத்தளவு காந்தம் இருபத்தெட்டு,
எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் என்று சொல்லப்
பொட்டளவு சில்லு ஒன்று.

காந்தம் ஒரு நாட்டிலிருந்து.
சில்லு இன்னொரு நாட்டிலிருந்து.
இருவருக்கும் பேச்சில்லை.
பங்காளிச் சண்டையில்
இரண்டு வீட்டுக்கும் பால் ஊற்றுகிறவள் மாதிரி
கொள்முதல் பிரிவில் நான்.

காந்தக்காரன் கேட்கிறான்:
உன் கூரையை நாலு திசையிலும் படம் எடு.
எந்த ராணுவத்துக்கும் தரமாட்டேன் என்று
முதலாளி கையெழுத்தோடு முத்திரை வை.
சில்லுக்காரன் கைக்குப் போகாது என்பதைத்
தனித் தாளில் எழுது.
சில்லுக்காரன் கேட்பதும் அதேதான்,
எழுத்துரு மட்டும் வேறு.

பேரழிவு ஆயுதங்களுக்குப் பயன்படுமா?
இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.
குட்டையை வடித்த அறுவடை நாளில்
கரையில் குவிந்து கிடந்த லட்சம் மீசைகள்
பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தன.
அடித்தது அடித்ததுதான்.

அஞ்சலாட்சி கம்பி சுற்றிப் பத்து நாளாகிறது.
தரையைக் கூட்டுகிறாள்.
கூட்டிய தரையைக் கூட்டுகிறாள்.
'பழச பிரிச்சிக் காந்தத்த எடுத்துடலாமாக்கா?'
எடுக்கப்போய்
நகம் கறுத்த விரலோடு வந்து நிற்கிறாள்.
எதிர்த் துருவங்கள் ஈர்க்கும் என்று படித்தோம்,
நடுவில் மாட்டும் விரலைப் பற்றி
அந்தப் பாடத்தில் ஒரு வரியும் இல்லை.

விடியற்காலை நாலு மணிக்குக்
கிள்ளையிலிருந்து தில்லைக்கோவிந்தன்.
'மோட்டாரு நின்னு போச்சிம்மா.
எல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது.'
அப்புறம் கொஞ்ச நேரம்
போனில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.
சரக்கு கப்பலில் இருக்கிறது என்றேன்.
கப்பல் எங்கே என்று கேட்கவில்லை, நல்லவேளை.

கெடிலம் தாண்டினால் என் ஊர், குண்டு உப்பலவாடி.
தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விற்றபோது
குண்டு போய் விழும் தூரம்வரை
ஊரும் சேர்த்து என்று பேச்சாம்.
வாங்கியவன்
நல்ல பீரங்கியாகப் பார்த்துச்
சென்னப்பட்டினத்திலிருந்து வரவழைத்தான்,
சுடத் தேர்ந்த ஆளோடு.
அன்றைக்கு எங்கள் வயலில்
நாற்று பிடுங்கிக்கொண்டிருந்த எவளோ ஒருத்தி
சத்தம் கேட்டு நிமிர்ந்திருப்பாள்.
மறுபடி குனிந்தபோது
வேறொருவன் நிலத்தில் நின்றாள்.

இப்போது சத்தமில்லை.
எங்கேயோ ஒரு தலைநகரில்
வெள்ளிக்கிழமை சாயங்காலம்
பட்டியலில் ஒரு வரி கூடுகிறது.
எங்களுக்குச் சனிக்கிழமை சம்பளம்.

சரி, ஏழாம் கேள்வி.
மோட்டார் தில்லைக்கோவிந்தனுக்கு.
காற்று இறாலுக்கு.
இறால், தலை கிள்ளி ஓடு உரித்து உறைந்து
சில்லுக்காரன் ஊருக்குப் பாதி.
மீதி காந்தக்காரனுக்கு,
அவனுக்குத் தலையோடு வேண்டுமாம்.

நீங்கள்தான் என்று எழுதி
அழித்தேன்.
அழித்த இடத்தில் எழுதினேன்: இறால்.

முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.
ஸ்பெல்லிங் சரியா என்று மட்டும் கேட்டார்.
மைப்பெட்டி காய்ந்திருந்தது.
இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு
முத்திரையை அழுத்தினார்.