பதின்மூன்று

மார்ச் மாதம். தாலின் துறைமுகத்தில்
பனித்தட்டுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன.
நான்காம் மாடியில்
ஐந்து பேர் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.
சூதாட்டம் அல்ல, மதிப்பீடு.
"காரின் பின்னால் இழுவண்டி பூட்டி வருகிறவர்களும்
தீவுப் படகில் இடம் பதிவு செய்ய வேண்டும்."
ஒரு மஞ்சள் தாள், ஒரு வாக்கியம்.
வேலை எவ்வளவு? இரண்டா, மூன்றா, எட்டா?

அடுத்தவர் முகம் பார்த்து எண்ணை மாற்றிவிடக் கூடாது.
அதற்காகத்தான் சீட்டு.
எல்லோரும் ஒரே கணத்தில் திருப்ப வேண்டும்.
திருப்பினார்கள்.
காரெல் மூன்று. விய்விகா மூன்று.
ரொமான் மூன்று. தார்மோ, கொஞ்சம் யோசித்தவன் போல, மூன்று.
ஹெய்கி பதின்மூன்று.

யாரோ சிரித்தார்கள்.
நானாகவும் இருக்கலாம்.

விதி எனக்குத் தெரியும்.
அதை நடத்திவைக்கத்தான் எனக்குச் சம்பளம்.
என் நாற்காலிக்குப் பின்னால்
சட்டம் போட்ட சான்றிதழ் தொங்குகிறது.
தனித்து நிற்கும் எண் யாருடையதோ
அவர் முதலில் பேச வேண்டும்,
மற்றவர்கள் கேட்க வேண்டும்.
அப்போது மணி பதினொன்று ஐம்பத்தாறு.
கீழே உணவகத்தில் பட்டாணி சூப்
பன்னிரண்டேகாலுக்குள் தீர்ந்துவிடும்.
"சுருக்கமாகச் சொல், ஹெய்கி" என்றேன்.

ஏற்கெனவே சுருக்கமாய்ப் பேசுகிறவனிடம்
அப்படிச் சொல்வது
பாதி திறந்த கதவைக் காலால் சாத்துவது.
அவன் தன் சீட்டை ஒருமுறை பார்த்தான்.
"வாலுக்கும் இடம் வேண்டும்" என்றான்.
மறுபடி சிரிப்பு.
நான் பலகையில் ஐந்து என்று எழுதினேன்.
யாருமே காட்டாத எண், ஐந்து.

அவன் ஒன்பது வருடம் அந்தப் படகுகளில்
மஞ்சள் மேலாடையோடு நின்று
வா, வா, இன்னும் ஒரு சாண், போதும் என்று
கையசைத்துக் கார்களை அடுக்கியவன்.
முழங்கால் கெட்ட பிறகு
இரவு வகுப்பில் சோதனையாளன் வேலை கற்றான்.
இதெல்லாம் அவன் விண்ணப்பத்தின்
இரண்டாம் பக்கத்தில் இருந்தது.
நான் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன்.

பிறகு இரண்டிரண்டு வாரமாய் ஓட்டம்.
காலை ஒன்பதரைக்கு நின்றபடி கூட்டம்.
நேற்று என்ன? இன்று என்ன? தடை ஏதும்?
தடை இல்லை. தடை இல்லை. தடை இல்லை.
"ஒரு சோதனை இன்னும் திறந்திருக்கிறது" என்பான் ஹெய்கி.
அதைப் பட்டியலின் அடிக்கு நகர்த்தியது
என் சுண்டுவிரல்கூட இல்லை, ஒரு சொடுக்கு.

நடுக்கோடைத் திருநாளுக்கு முந்தின மாலை.
ஊரே தீவுக்குக் கிளம்புகிறது.
விர்ட்சு துறையில், கையில் சீட்டோடு,
பன்னிரண்டு கார்கள் கரையிலேயே நின்றுவிட்டன.
ஏறிப்போன இழுவண்டிகள்
விற்ற இடத்தைவிட நீளம்.
ஒரு காரின் கூரையில் பீர்ப் பெட்டிகள்,
ஒன்றில் அக்கார்டியனை மடியில் வைத்து
அழுதுகொண்டிருந்த ஒரு மணப்பெண் தோழி.

இரவு பத்தரைக்கு ஹெய்கியைக் கூப்பிட்டேன்.
வெளிச்சம் இன்னும் போகவில்லை.
"எங்கே இருக்கிறாய்?"
"வரிசையில். பன்னிரண்டாவது."
தங்கை வீட்டுக்குப் போகக் கிளம்பியிருக்கிறான்.
"மடிக்கணினி பின் இருக்கையில் இருக்கிறது.
சொல், ரீன், எதை முதலில் நிறுத்தலாம்?"
நான் சொன்ன இதைத்தானே என்று
அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை, பின்னோக்கிய கூட்டம்.
பலகையில் தாள்கள் ஏறின.
தானியங்கிச் சோதனைகளைக் கூட்டலாம்.
தகவல் பரிமாற்றம் மேம்பட வேண்டும்.
யாருடைய வாயிலும் ஒட்டாத வாக்கியங்கள்.
ஹெய்கியின் தாள்:
"நான் இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும்."

நான் எழுந்து போய் அதைப் பிய்த்தேன்.
பசை விடும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.
அந்த இடத்தில் என்னுடையதை ஒட்டினேன்:
"11.56. ரீன் கேட்கவில்லை."
யாரும் சிரிக்கவில்லை.
காரெல் தன் தாளை மெல்ல எடுத்துக் கசக்கி
வேறொன்று எழுதத் தொடங்கினான்.

டிசம்பரில் வருடாந்திரப் படிவம் வந்தது.
இந்த ஆண்டு நீங்கள் வளர்த்துக்கொண்ட திறன் என்ன?
இருநூறு எழுத்துக்குள்.
வழிநடத்தல் என்று தொடங்கி அழித்தேன்.
கேட்டல் என்று எழுதி அதையும் அழித்தேன்.
கடைசியில் தட்டினேன்:
சூப் தீர்ந்தால் தீரட்டும்.
நிறைய எழுத்து மிச்சமிருப்பதாக
படிவம் நினைவூட்டியது.
அனுப்பிவிட்டேன்.