வெறுங்குழி

பெட்டியோடு வந்த தாளில் எல்லைக்கோடு அச்சாகியிருந்தது:
பூச்சியம் தசம் மூன்று.
மேலே நின்றால் நோய் கண்ட மாடு,
கீழே நின்றால் காணாத மாடு.
அந்தக் கோட்டைக் கீறியவர்களின் மாடுகள்
பனி விழும் நாட்டில் கூரைக்குக் கீழே நின்றவை.
உண்ணி தெரியாதவை.

என் மேசையில் இருந்தது
கரிப்பட்டமுறிப்புக் குருதி.
இருமுகிற பட்டி, நாற்பது போத்தல்,
றெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் பாதி உருகி
மாங்குளத்தில் பஸ் மாறி
வவுனியா வர மத்தியானம் திரும்பிவிட்டது.
ஆறு போத்தலில் குருதி உடைந்து
நீர்ப்பாயம் இளஞ்சிவப்பு.
அவற்றை முதலே ஒதுக்கினேன்.

மிச்சம் முப்பத்துநாலு.
நீலம் ஏறியது, அமிலம் விட மஞ்சளானது.
இருபத்தேழு நேர்.

இருபத்தேழு என்றால் பட்டியையே மறித்துவிடுவார்கள்.
மேலதிகாரி பின்னேரத்துக்குள் அறிக்கை கேட்டார்.
எனக்கென்னவோ
அந்த மஞ்சளில் நம்பிக்கை வரவில்லை.

அடுத்த நாள் அருகருகே இரண்டு குழி:
ஒன்றில் வைரசு வளர்ந்த கலம்,
மற்றதில் வைரசே காணாத கலம்.
ஒரே மாட்டின் நீர்ப்பாயத்தை இரண்டிலும் விட்டேன்.
வெறுங்குழியும் மஞ்சளானது.

எதிர்க்க ஒன்றுமில்லாத இடத்திலும்
போய் ஒட்டிக்கொள்கிறது.
எத்தனை உண்ணிக்காய்ச்சல், எத்தனை குளத்துச் சேறு,
எதெதற்கோ எழும்பிப் பழகிய உடம்பு
ஆரைக் கண்டாலும் கொஞ்சம் எழும்புகிறது.
பிழை என்று சொல்ல மனமில்லை.
ஆனாலும் கழிக்கத்தான் வேண்டும்.

கழித்தேன்.
இருபத்தேழு ஒன்பதானது.

ஒன்பதுக்கும் இரண்டாம் குருதி,
மூன்று கிழமை விட்டு, அதே மாட்டில்.
ஏறியிருந்தால் இப்போதைய நோய்,
நின்ற இடத்தில் நின்றால் பழைய கதை.
பதினேழாம் இலக்கம், நெற்றிச்சுட்டிச் சிவலை,
முதலில் ஒன்று தசம் இரண்டு.
இப்போது
ஒன்றுமேயில்லை.

மூன்று கிழமையில் உடம்பு அப்படி மறக்காது.
மூன்று தரம் திருப்பிச் செய்தேன்.
பிறகு கோல் எடுத்தேன்.

றெஜினோல்ட் கனநேரம் கதைக்கவில்லை.
பின்னால் ஆரோ மாடு சாய்க்கும் சத்தம்.
"அது சிவலையின்ர தங்கச்சி, மிஸ்.
சிவலை போன ஞாயிறு முடிஞ்சுது.
மூச்சு எடுக்கேலாமல்...
சொன்னாப் பாலை நிப்பாட்டிப் போடுவினம் எண்டு..."

சுட்டி ஒரே மாதிரி, குறிசுட்ட எழுத்தும் ஒன்று.
ஊசி குத்தினவருக்குத் தெரியவில்லை.
இந்த வைரசால் பாலுக்கு ஒன்றுமில்லை என்று
முதல்நாளே நான் சொல்லியிருக்கலாம்.
எவரும் சொல்லவில்லை.

"கண்டு நிக்குது மிஸ். அதுக்கும் வருத்தமோ?"

இருபத்தொன்பதாம் இலக்கம். ஒன்பதில் ஒன்று.
முதல் குருதியில் ஒன்று, இரண்டாவதில் அரை.
கடும்புப்பாலில் குடித்தது அது.
கன்று இன்னும் எதையும் சந்திக்கவில்லை,
சந்தித்தது தாய்.
பாதியாகி, பிறகு அதில் பாதியாகி
ஆறாம் மாதம் காணாமல் போகும்.

"அது தாயின்ர" என்றேன்.
"ஓம்" என்றார்,
மாட்டின் நிறத்தை நான் சொன்னதுபோல.

அட்டவணை முடிக்கவேண்டும்.
பதினேழு: மாதிரி மாறியது, நீக்குக.
இருபத்தொன்பது: பொய் நேர், நீக்குக.
மிச்சம் ஏழு. அதில் ஐந்து ஏறியிருக்கிறது.
நோய் உண்மை. எண்ணிக்கையும் இப்போது உண்மை.

சிவலையின் இரண்டாம் குருதி
எங்கேயாவது மிஞ்சியிருந்தால்
நான் பொய் என்று எழுதிய அந்தக் குழியில்தான்.
வெளிறிய மஞ்சள்.
யன்னல் வெளிச்சத்தில் ஒருதரம் பிடித்துப் பார்த்துவிட்டு
தட்டைக் குளோரின் வாளிக்குள் போட்டேன்.

மேலதிகாரி திரும்பவும் கேட்டார், எத்தனை?
ஏழு, என்றேன்.