வளையும் வேல்

மேற்கு வாயிலில் காவல் நிற்கும் யவனன்
உச்சி வெயிலில் என் உலைக்கு வந்தான்.
பேர் வீபியன். வாயிற்காரர் வாயில் அது வீப்பன்.
பேச்சு கொஞ்சம், கையசைவு நிறைய.
சாம்பலைத் தடவிச் சமன்செய்து
விரலால் ஒரு வேல் வரைந்தான்:
முனை மட்டும் உறுதியாக இருக்கட்டும்,
கழுத்துக்கு நீர் காட்டாதே,
குத்தியதும் அது வளைய வேண்டும்.

துருத்தி மிதித்த திசன் சிரித்தே விட்டான்.
வளைகிற வேல் வடித்த கொல்லன் என்று
வைகையின் இரு கரையிலும் என் பேர் நாறவா?
"கள்ளுக்கடை அந்தப் பக்கம்" என்றேன்.

போகவில்லை.
முறத்தைக் கேடயமாக என் கையில் திணித்து
ஈர ஓலை மட்டையொன்றை அதில் செருகினான்.
மட்டை தொங்கியது. முறம் தாழ்ந்தது.
பிடுங்கினாலும் திருப்பி எறிய ஆகாது.
"கை கடுக்கும். கீழே போடுவாய்."
அப்புறம் இடுப்பிலிருந்த குறுவாளைத் தொட்டு
என் தொப்புளுக்கு மேலே
இரண்டு விரல் வைத்தான். அவ்வளவு ஆழம் போதுமாம்.
திசனின் துருத்தி நின்றிருந்தது.

கரித்துண்டுகளை வரிசை வரிசையாக அடுக்கினான்.
முன்பெல்லாம் நிலமுள்ளவன்தான் படைக்குப் போவானாம்,
சொந்த வாளோடு.
அவன் திரும்புமுன் அவன் வயலை
அடுத்த மாளிகைக்காரன் உழுதிருப்பானாம்.
பிறகு நிலமில்லாதவனைக் கூப்பிட்டு
நிலம் தருகிறோம் என்றார்களாம்.
எல்லோருக்கும் ஒரே கேடயம், ஒரே வாள், ஒரே கூழ்.
பொழுது சாய்ந்தால் எந்தக் காடானாலும் அகழி தோண்டு,
விடிந்தால் தூர்த்துவிட்டு நட.

"விழுந்தவனுக்குக் கல் நடுவீர்களா?
பேர் வெட்டுவீர்களா?"
இரண்டு முறை கேட்டேன், சைகையோடு.
முன்வரிசைக் கரி ஒன்றைச் சுண்டி எறிந்தான்.
பின்னால் இருந்ததை
அந்த இடத்துக்கு நகர்த்தினான்.
கையைத் தட்டிக்கொண்டான்.

வாயிலில் நிற்பவனுக்கு எதற்கு இந்த வேல்
என்றதற்குத் தோளைக் குலுக்கினான். பழகிய கை.

நான்கு வடித்தேன்.
ஒன்றைப் பூவரசில் எறிந்து பார்த்தோம்;
கேட்ட கேள்விக்குத் தலையசைப்பதுபோல் மடங்கியது.
நல்ல வேலை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

கூலிக்கு ஒரு காசு நீட்டினான், அவன் அரசன் முகம் பதித்தது.
உள்ளே செம்போ என்று ஐயம்.
பட்டடையில் வைத்து, மூக்கின் குறுக்கே
உளியால் ஒரு போடு போட்டேன்.
வெள்ளிதான்.

வீபியன் முதன்முறையாகச் சிரித்தான்.
மடியிலிருந்து இன்னொன்றை எடுத்து
பட்டடைமேல் வைத்தான்:
"இதையும் வெட்டு."