ஞாயிறு, பத்து மணி முதல்

போர்வெல் தண்ணீர் உப்பேறி மூன்று மாதம்.
முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கு
செவ்வாய்தோறும் தஸ்தகீரின் லாரி.
எட்டுக் குடம்;
ஒன்பதாவது கேட்டால் சிரிப்பான்.

ஏசி சொட்டுவது ஆந்தூரியத்துக்கு.
அரிசி களைந்தது கறிவேப்பிலைக்கு.
மீன் கழுவியதை வாழை வாங்கிக்கொள்ளும்,
முகம் சுளிக்காது.
குரோட்டன்ஸைக் கைவிட்டேன்.
சொல்லிவிட்டுத்தான் கைவிட்டேன்.

கேட்டில் அட்டை ஆடுகிறது:
தோட்டம் பார்க்கலாம், ஞாயிறு பத்து மணி முதல்.
எழுதியது தை மாதம்.
அப்போது எதைத் தொட்டாலும் ஈரம்.

சனி இரவு
செத்த தொட்டிகளைத் தூக்கித் தூக்கிக்
குளியலறையில் அடைத்தேன்.
பதினாலு தொட்டி. இடுப்பு பிடித்துக்கொண்டது.

வந்தவர்களில் ஒருத்தி
நோட்டில் அமலோர்பவம், கடலூர் முதுநகர் என்று எழுதினாள்.
பூத்திருந்த அடுக்குமல்லியை
ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
"பாத்ரூம் எங்க?"

பக்கத்து வீட்டைக் காட்டலாமா என
யோசிப்பதற்குள்
தாழ்ப்பாள் சத்தம்.

வெகுநேரம் கழித்து வந்தாள்.
நகக்கண்ணில் பட்டைத்தூள்.
"ஜன்னலோரச் செம்பருத்தியச் சுரண்டிப் பாத்தேன்,
உள்ள பச்சை இருக்குங்க.
கை கழுவுன தண்ணிய
அதுக்கே ஊத்திட்டேன்."