முப்பத்தேழு பாகை

இறால் கோது ஐந்து கிலோ கேட்டேன்.
நாய்க்கா, கோழிக்கா என்றான் றிப்கான்.
எலும்புக்கு, என்றேன்.
தராசை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

வாழைச்சேனைத் துறையில்
அவனுக்கு உட்கார்ந்துதான் வியாபாரம்.
இடது காலைச் சுற்றி நான்கு இரும்பு வளையம்,
தோலைத் துளைத்து உள்ளே போகும் கம்பிகள்,
கம்பி நுழையும் இடமெல்லாம் மஞ்சள் மருந்து,
மருந்தின்மேல் ஒட்டிய ஒரு மீன் செதில்.
புணாணைப் பக்கம் வெட்டுமெசின் சில்லு ஏறிய கால்.
உள்ளே இரண்டு விரற்கடை எலும்பு இல்லை.
பதினாலு மாதமாக
ஒரு முனை மறுமுனையைப் பார்த்தபடி நிற்கிறது,
பாலமும் வராத, பாதையும் ஓடாத
மண்முனைத் துறைபோல.

வந்தாறுமூலையில் என் வேலை இது:
கோதை அரைப்பேன்.
அமிலம் சுண்ணாம்பைத் தின்னும்.
காரம் ஊனைக் கழற்றும்.
மிஞ்சுகிற வெள்ளைத் தூளை
வினாகிரி மணக்கும் நீரில் கரைத்து
ஐஸில் வைத்து உப்புச் சேர்த்தால்
குளிரில் தண்ணி,
உடம்புச் சூட்டில் களி.
ஊசியால் இறக்கினால் போதும்,
வெடிப்பின் வடிவம் எதுவோ
அதுவே தன் வடிவம் என்று இறுகிக்கொள்ளும்.
களிக்குள் ஒரு துளிப் புரதம்,
விலை என் மூன்று மாதச் சம்பளம்.
கட்டுநாயக்காவில் இரண்டு நாள் மறித்து வைத்திருந்தார்கள்.
அதற்குத் தெரிந்தது ஒரே சொல்.
அலைகிற செல்களைக் கூப்பிட்டுச் சொல்லும்: கட்டு.
துணி சுற்றுகிற கட்டு அல்ல,
சுவர் எழுப்புகிற கட்டு.
எழுப்பி முடிந்ததும் களி கரைந்து போகவேண்டும்.
வீடு குடிபுகுந்த பிறகும் நிற்கிற சாரம்
எங்கள் கணக்கில் தோல்வி.

"என்ட காலுக்குப் போடலாமா மிஸ்?"
இப்போதைக்கு முயலுக்கு மட்டும்.
"முயல் குடுத்து வச்சது."

கச்சான் அடித்த ஒரு வியாழன்.
பிற்பகல் இரண்டு மணி, கரண்ட் இல்லை.
ஏழாம் முயல் மயக்கத்தில்.
தொடையெலும்பில் துளை போட்டாயிற்று.
ஊசியை அமுக்கினேன்.
வரவில்லை.
பெருவிரல் வெளுக்க அமுக்கினேன்.
சுவரில் வெப்பமானி முப்பத்தேழு காட்டியது.
அறையையே ஓர் உடம்பு என்று எண்ணி
ஊசிக்குள்ளேயே இறுகியிருந்தது.
அதன்மேல் பிழையில்லை.
நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தது.

துளையை வெறுமையாக மூடித் தைத்தோம்.
ஒப்பீட்டுக் குழுவில் சேர்க்கலாமா, கேட்டேன்.
கலாநிதி புவிராஜன் கண்ணாடியைக் கழற்றினார்,
"விலக்கு" என்றார்,
மறுபடி போட்டுக்கொண்டார்.

இறுகிய துண்டைத் துறைக்குக் கொண்டுபோனேன்.
றிப்கான் உள்ளங்கையில் உருட்டினான்.
"நுங்கு போல கிடக்கு. எங்கட இறாலா இது?"
கொஞ்சம் பொறுத்து:
"எந்த உடம்பெண்டு நினைச்சிச்சாம்?"

மறுநாளிலிருந்து வேலை விடிய நாலு மணிக்கு,
ரெஜிபோம் பெட்டியில் மீன் ஐஸ் நிரப்பி.
கோதுக்குக் காசு வாங்காதவன்
ஐஸுக்கு வாங்கினான்.
ஐஸ் அவனுக்கும் கடன்.

எட்டாம் கிழமை எக்ஸ்ரே.
நான்காம் முயலுக்குத் துளையின் ஓரமெல்லாம்
பால் சிந்தியதுபோல் வெண்மை.
ஐந்துக்கு அவ்வளவில்லை.
ஆறு நன்று.
ஏழின் படம் ஆய்வேட்டில் வராது.
அதையும் எடுத்துக்கொண்டேன்.

கடல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.
நான்கைப் பார்த்தான், ஆறைப் பார்த்தான்,
ஏழில் நின்றான்.
வட்டமாக ஒரு கறுப்பு,
சுற்றிவர ஒழுங்கான எலும்பு.
"இது என்ட ஆள்."

மனிசருக்கு வர எத்தனை வருசம் என்று கேட்பான்,
பதில் ஒன்று வைத்திருந்தேன்,
உண்மையானது, நீளமானது.
அவன் கேட்கவில்லை.
படத்தில் பட்ட ஈரத்தைச் சாரனில் துடைத்துத் தந்தான்.
கோதுக் கூடையைக் கிட்ட இழுத்தான்.
"மறுகா," என்றான்,
"எத்தின கிலோ?"